அக்காள் மகளுக்கு யார் பதில் சொல்வது?

அக்காள் மகளை மணப்பவன் தமிழ்நாட்டில் மாப்பிள்ளை, இலங்கையில் குற்றவாளி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கிடக்கும் கடல் ஏறக்குறைய இருபது மைல். அந்த இருபது மைலைக் கடந்து ஊவா மலைக்கு வந்த நம் மக்களுள் எத்தனை பேர், தாம் கொண்டுவந்த உறவுமுறைக்கு இந்நாட்டின் சட்டப் புத்தகம் இட்டிருக்கும் பெயரை அறிவர்? அறிந்தவர்கள் எடுத்துச் சொன்னதும் இல்லை. வக்கீல்கள் அறிவர், வழக்கு வந்தால்தான் வாய் திறப்பர். விவாகப் பதிவாளர்கள் அறிவர். வந்தவரைத் திருப்பி அனுப்புவதோடு அவர்கள் கடமை தீர்ந்தது. ஓட்டுக் கேட்டு லயத்து வாசலுக்கு வருகிறவர்கள் அறிவார்களோ அறியார்களோ, அவர்களுடைய மேடைப் பேச்சில் இதற்கு இடமில்லை.

1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. கண்டியச் சட்டத்தின்கீழ் மணப்போருக்கும் முஸ்லிம்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. மற்றவர் அனைவருக்கும் இதுவே சட்டம். பசறைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளுக்கும், வெலிமடையில் கோவாவும் உருளைக்கிழங்கும் பயிரிடும் விவசாயிக்கும், பண்டாரவளையில் கடை நடத்துபவருக்கும், பதுளை நீதிமன்றத்தில் கறுப்புச் சட்டையணிந்து வாதாடும் கனவானுக்கும் இது ஒன்றுதான். அதன் 16ஆம் பிரிவு, யார் யாரை மணத்தல் செல்லாது என்று சொல்கிறது. பெற்றோரும் மக்களும், பாட்டன் பேத்தியும் கூடாது; உடன்பிறந்தாரும் ஒருவழிச் சகோதரரும் கூடாது; மகனின் விதவையையோ தந்தையின் விதவையையோ கொள்ளலாகாது. இவற்றை எந்தத் தமிழன் மறுப்பான்? அந்த வரிசையிலேயே இன்னொன்றும் நிற்கிறது: சகோதரனின் மகள், சகோதரியின் மகள், அவர்கள் வழிவந்தோர். தாய்மாமன் அங்கேதான் அகப்படுகிறான்.

செல்லாது என்று சொன்னதோடு சட்டம் நின்றிருந்தால் ஒருவாறு பொறுக்கலாம். 17ஆம் பிரிவு அடுத்த அடி வைக்கிறது. அத்தகைய மணம் மட்டுமன்று, அத்தகைய இருவர் சேர்ந்து வாழ்வதே குற்றம். ஓராண்டு வரை சிறை. போதாக்குறைக்கு 1995ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தி 364அ என்னும் பிரிவைச் சேர்த்தார்கள். அதே உறவுப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஏழு ஆண்டுக்குக் குறையாமல் இருபது ஆண்டு வரை கடூழியச் சிறை என்று எழுதினார்கள். அந்தப் பிரிவின் நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. வீட்டுச் சுவருக்குள்ளேயே பெண்மக்களைச் சீரழிக்கும் கொடியவனுக்கு இருபது ஆண்டும் குறைவுதான். ஆனால் அந்தக் கொடியவனையும், ஊரைக் கூட்டி, பந்தலிட்டு, தோட்டத்து மாரியம்மன் முன்னிலையில் தாலி கட்டியவனையும் ஒரே கூண்டில் நிறுத்துவதற்கு அந்தப் பிரிவின் சொற்கள் இடங்கொடுக்கின்றன. வழக்குப் போடுவதும் போடாதிருப்பதும் அதிகாரியின் தயவு. தயவில் வாழ்வதற்குப் பெயர் குடிமை வாழ்வா?

இம்மக்கள் இந்த வழக்கத்தை எங்கிருந்து பெற்றார்கள் என்று கேட்கும் படித்த பெருமக்கள் உண்டு. கங்காணி ஆள்கட்டிய கதையை அவர்கள் நினைவுகூர வேண்டும். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து அவன் தனித்தனி ஆட்களைப் பொறுக்கி வரவில்லை. தன் ஊர், தன் சாதி, தன் சொந்தம் என்று குடும்பம் குடும்பமாகத் திரட்டி வந்தான். மாமனும் மச்சானும் அத்தையும் மருமகளும் ஒரே பெரட்டுக்களத்தில் நின்றார்கள். ஒரே லயத்தில் படுத்தார்கள். ஊரில் பத்து மைல் சுற்றளவில் பெண் தேடலாம். ஸ்பிரிங்வெலியிலும் நமுனுகுலையிலும் மதுல்சீமையிலும் அடைபட்டுக் கிடந்தவன் எங்கே போய்த் தேடுவான்? துரையின் அனுமதியின்றி அடுத்த தோட்டத்துக்குப் போய் வருவதே பாடாயிருந்த காலம் அது. ஊரிலிருந்து வந்த முறை லயத்துக்குள் இறுகியது. யாழ்ப்பாணத்தில் மச்சான் மச்சாள் மணம் உண்டே தவிர, தாய்மாமன் மணம் வழக்கமில்லை. ஆகவே 1907ஆம் ஆண்டின் சட்டம் அங்கே யாரையும் குத்தவில்லை, இங்கே குத்தியது. தமிழருக்கென்று சட்டம் பேச எழுந்த பெரியவர்கள் பலர் இதைக் காணாமற் போனதற்குக் காரணம் வேறென்ன?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சித்தப்பன் மகளை ஒரு தமிழன் மணப்பானா? பெரியம்மாள் மகளை மனத்தாலும் நினைப்பானா? பங்காளி வழியில் பிறந்தவள் தங்கை. கூடப் பிறந்தவளுக்கும் அவளுக்கும் முறையில் வேறுபாடில்லை. அப்படி ஒருவன் துணிந்தால் தோட்டமே திரண்டு அவனை அடித்து விரட்டும். ஆனால் 1907ஆம் ஆண்டின் சட்டம் அவனைத் தடுக்கவில்லை! பதிவாளர் மறுக்க இயலாது. சான்றிதழ் கொடுத்தே தீர வேண்டும். நாம் அருவருப்பதைச் சட்டம் ஏற்கிறது. நாம் சீர்வரிசை வைத்துக் கொண்டாடுவதைச் சிறைக்கு அனுப்புகிறது. நம்மை ஒரு சொல் கேட்டு எழுதிய சட்டமாயிருந்தால் இவ்விதம் தலைகீழாய் இருக்குமா?

கேட்கவில்லை என்பது வெளிப்படை. 1907இல் கொழும்புச் சட்டசபையில் தோட்ட முதலாளிமாருக்கென்று ஓர் உறுப்பினர் இருந்தார். தோட்டத் தொழிலாளிக்கென்று ஒருவரும் இல்லை. எழுதிய கைகள் ஆங்கிலக் கோயிலின் உறவு அட்டவணையைப் பார்த்துப் பழகிய கைகள். அந்த அட்டவணையில் மாமனும் மருமகளும் கூடாது. ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள் கூடலாம். விக்டோரியா மகாராணி 1840இல் மணந்தது தன் தாய்மாமன் மகனைத்தானே! நம் கணக்கிலும் அது முறைதான். அதே 1907இல் இலண்டனில் என்ன நடந்தது தெரியுமா? இறந்த மனைவியின் தங்கையை ஒருவன் மணக்கலாமா என்று பல பத்தாண்டுகள் வாதிட்டு, அந்த ஆண்டில்தான் ‘மணக்கலாம்’ என்று சட்டம் செய்தார்கள். கொழுந்தியை மணப்பது நமக்கு என்றும் பிழையாக இருந்ததில்லை. தங்கள் கொழுந்தியைப் பற்றியே அதுவரை முடிவுக்கு வர முடியாதவர்கள் நம் அக்காள் மகளைப் பற்றி ஒரு வரியில் தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

இந்தியாவில் மட்டும் நம் முறைக்கு மாலை போட்டு வரவேற்றார்களா? அதுவும் இல்லை. வடக்கின் சாத்திரக்காரர்கள் தென்னாட்டு உறவுமுறையைக் கண்டு முகஞ்சுளித்த வரலாறு நீண்டது. போதாயன தர்மசூத்திரம், தாய்மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைத் தென்னவரின் தனிப்பழக்கம் என்று குறித்து வைத்தது. நேர்மைக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வடவரின் தனிப்பழக்கம் என்று சிலவற்றையும் அந்நூல் குறிக்கிறது, அவற்றுள் கடற்பயணமும் ஒன்று. மனு அந்த அளவுக்கும் இறங்கவில்லை; அத்தை மகளையும் அம்மான் மகளையும் கூடியவனுக்குச் சாந்திராயண விரதத்தைத் தண்டமாக விதித்தான்.

1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டத்தில் அந்த மனம் அப்படியே இருக்கிறது. தாய்வழியில் மூன்று தலைமுறை, தந்தைவழியில் ஐந்து தலைமுறை வரை சபிண்டர், மணம் செல்லாது. மாமன் மருமகள் விலக்கு. அண்ணன் மக்களும் தங்கை மக்களும் விலக்கு. மீறினால் ஒரு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. இவ்வளவும் எழுதிய பின்னர், ‘இருவரையும் ஆளும் வழக்காறு அனுமதித்தாலன்றி’ என்று ஒரு சொற்றொடரைச் செருகினார்கள். தென்னிந்தியாவின் கோடிக்கணக்கான மணங்கள் அந்த ஒரு சொற்றொடரின் நிழலில் நிற்கின்றன. முன்வாசல் அடைப்பு, பின்வாசல் திறப்பு! ஆயினும் திறந்த வாசல் திறந்த வாசல்தான். 1967இல் தமிழ்நாட்டில் அண்ணாவின் அமைச்சரவை, புரோகிதரும் அக்கினியும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கி அதே சட்டத்தில் 7அ என்னும் பிரிவைச் சேர்த்தது. ஆட்சி கையிலிருந்தபோது சட்டம் வளைந்து கொடுத்தது. மலையகத் தமிழன் கையில் என்ன இருந்தது? 1947இல் ஏழு ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியக் காங்கிரசின் மக்களுக்கு 1948இல் பிரஜாவுரிமையே இல்லை என்றாயிற்று.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாத்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக்கை வைத்துப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பிற்பாட்டுக்கு என்று எழுதினார்கள். ஒரு லயத்தில் இரண்டு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் கப்பலேறிக் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தான். ஒருவன் ஹாலி-எலையிலேயே தங்கினான். போனவன் அங்கே அக்காள் மகளை மணந்தால், வழக்காறு காக்கும். மனைவி மனைவிதான், பிள்ளை வாரிசுதான். தங்கியவன் இங்கே இன்னொரு அக்காளின் மகளை மணந்தால், அவள் மனைவியும் அல்லள், பிள்ளை முறைப்பிள்ளையும் அன்று. இரத்தம் ஒன்று, குலதெய்வம் ஒன்று, தாலி ஒன்று. எந்தக் கப்பலில் இடம் கிடைத்தது என்பதைப் பொறுத்தா ஒருத்தியின் மானம் அமைவது?

இவ்வளவும் படித்தபின், தாய்மாமன் மணத்துக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டோம் என்று எவரும் மகிழ வேண்டா. அந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே நம் கட்சி. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் காட்டி ‘இவள் உனக்குத்தானடா’ என்று இருபது வயது இளைஞனிடம் சொல்லும் பாட்டி அன்பாகத்தான் சொல்கிறாள். அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போய், சாதாரண தரம் எழுதி, பதுளையிலோ கொழும்பிலோ ஒரு வேலை என்று கனவு காணும்போது அந்த அன்பு அவள் கழுத்துக் கயிறாகிறது. ‘மாட்டேன்’ என்று அவள் சொன்னால் தாய்க்கும் தம்பிக்கும் பகை. பரிசம் போட்ட உறவெல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கும். சடங்கில் மாமன் வைத்த சீருக்குக் கணக்குக் கேட்பார்கள். சீர் கொடுத்துப் பெண்ணைக் கொள்வது உரிமையா, விலையா? பதினெட்டு வயதுக்கு முன் மணமில்லை என்று 1995இல் சட்டம் வந்த பின்பும், ‘சொந்தத்துக்குள்தானே’ என்று வயதை மறைத்து முடித்து வைக்கும் வீடுகள் உண்டு. வெளியார் என்றால் ஆயிரம் விசாரிக்கும் தகப்பன், மைத்துனன் என்றால் அவன் குடிப்பதைக்கூடக் கேட்பதில்லை.

உடற்கூறும் அதற்கு மாறாகவே பேசுகிறது. மாமனுக்கும் மருமகளுக்கும் பரம்பரைக் கூறுகளில் நான்கில் ஒரு பங்கு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு. ஒரு மரபுக் குறை பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருந்தால்தான் வெளிப்படும் நோய்கள் பல உண்டு. தலசீமியா அவற்றுள் ஒன்று. பதுளை மருத்துவமனையில் இரத்தம் ஏற்றிக்கொள்ளக் காத்திருக்கும் தலசீமியாக் குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு அது என்ன நோய் என்று விளக்க வேண்டியதில்லை. உறவில் மணந்தால்தான் அந்நோய் வரும் என்பதில்லை. ஆனால் நெருங்கிய உறவில் இருவரும் அதே குறையைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு மிகுதி. உறவில் மணந்த எல்லார்க்கும் ஊனப்பிள்ளை பிறக்கும் என்று சிலர் பயமுறுத்துவதும் பொய். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. அபாயம் கூடுகிறது, மாமன் மணத்தில் மேலும் கூடுகிறது; சொல்லத்தக்கது அவ்வளவே, அதுவே போதும். 2019 - 21இல் இந்திய சர்க்கார் எடுத்த குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 28 பேர் உறவில் மணந்தவர்கள். படிப்பு நிறைந்த மாநிலத்திலேயே அந்தக் கணக்கென்றால், பழக்கத்தின் வேர் எவ்வளவு ஆழம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வேரைச் சிறைச்சாலை பிடுங்கிவிடுமா?

வழக்கம் ஒழியட்டும் என்கிறோம். ஒழிக்கிறேன் என்று வந்த சட்டம் யார் தலையில் விழுகிறது என்பதே நம் கேள்வி. மாமன்காரன் ஆண், அவனுக்குச் செக்ரோலில் பெயருண்டு, சம்பளமுண்டு, சேமலாப நிதி உண்டு. செல்லாத மணத்தால் அவன் இழப்பது ஒன்றுமில்லை. வேண்டாதபோது, ‘இவள் எனக்குச் சட்டப்படி மனைவியே அல்லள்’ என்று கைகழுவவும் செய்யலாம். கற்பனை என்பீர்களோ? இந்தியாவின் தலைநகரில் நடந்திருக்கிறது. டில்லியில் ஒருவர், தாமும் தம் மனைவியும் சபிண்டர் என்று தாமே நிறுவி, 2007இல் தம் மணத்தைச் செல்லாததாக்கிக்கொண்டார். தாலி கட்டும்போது தெரியாத சபிண்டம் தள்ளி வைக்கும்போது தெரிந்தது! அந்தப் பெண் அச்சட்டப் பிரிவே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று வாதிட்டார். டில்லி உயர்நீதிமன்றம் 2024 சனவரியில் அதைத் தள்ளிவிட்டது. உறவில் மணந்தவர் இருவர்; நடுத்தெருவில் நின்றவர் ஒருவர்.

நம் தோட்டத்துப் பெண்ணுக்கோ அந்த வழக்கு நடத்தும் வசதியும் இல்லை. அவன் உயில் எழுதாமல் செத்தால், முறைப்படி மணக்காத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் மரபுரிமை கிடையாது. சேமலாப நிதிக்குப் பெயர் குறிக்காமல் போயிருந்தால், பணத்தைக் கேட்டு அவன் அண்ணன் தம்பி வருவார்கள். முப்பது ஆண்டு அவனுக்குச் சோறு பொங்கியவள் விவாகச் சான்றிதழ் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவாள்? தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் என்று இப்போது பேச்சு நடக்கிறது. காணி வந்தால் வழக்கும் வரும். வழக்கு வந்தால் மனைவி என்பதற்குச் சான்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ‘பெற்றோர் விவாகமானவர்களா’ என்று ஒரு கட்டம் நெடுங்காலம் இருந்தது. அதில் ‘இல்லை’ என்று எழுதப்பட்ட பிள்ளை பள்ளிக்கூட வாசலில் அனுபவித்ததை அந்தப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ், மணமானவனுக்கு ஏழாண்டு வாசம், மணமாகாதவனுக்குப் பத்தாண்டு வாசம் என்று அளவு வைத்திருந்தார்கள். ஒரு மணம் மணமா இல்லையா என்பது நாடு உண்டா இல்லையா என்பதையே நிர்ணயித்த காலம் அது. காகிதம் இல்லாத வாழ்வு என்னவென்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

‘பண்பாட்டைக் காக்க இந்தியாவைப் போல வழக்காற்று விலக்கு வாங்க வேண்டும்’ என்போர் ஒரு புறம். ஐயா, அந்த விலக்கைப் பெற்றால் நாளைக்கு எத்தனை பதினெட்டு வயதுப் பெண்களை மாமன் வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ‘சட்டம் சட்டந்தான், அறியாமை மன்னிப்பாகாது’ என்போர் மறுபுறம். அறிய வைக்க நீர் செய்தது என்ன? 1907இல் நமக்கு வாயில்லை என்று சொல்லித் தப்பலாம். 1995இல் பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் இருந்தார்கள். அமைச்சர் நாற்காலியிலும் நம்மவர் இருந்தார். புதிய பிரிவின் பொருளை எத்தனை தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் கூட்டம் போட்டு விளக்கினார்கள்? சந்தா பிடிக்கத் தவறாத தொழிற்சங்கங்கள், இந்த ஒரு துண்டுப் பிரசுரத்தை அச்சிட மறந்தது ஏன்?

இனியாவது செய்யத்தக்கது தெளிவாகவே இருக்கிறது. தடையை எடுக்க வேண்டா. இனி நடக்கும் மாமன் மணத்தைப் பதிவு செய்ய மறுப்பது மறுப்பாகவே இருக்கட்டும். ஊரறிய நடந்து முடிந்த மணங்களில் வாழும் பெண்ணுக்கு மனைவியின் சொத்துரிமையும் ஓய்வூதிய உரிமையும் உண்டென்று திருத்தம் வர வேண்டும். செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளையும் முறைப்பிள்ளையே என்று இந்தியாவின் இந்து விவாகச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் சொத்தில் பங்குண்டு என்று 2023 செப்டம்பரில் டில்லி உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்த ஒரு பிரிவை இங்கே எழுதினால் எந்த மதத்துக்கு, எந்த இனத்துக்கு என்ன நட்டம்? வயது வந்த இருவர், ஊரறிய மணந்து, வன்முறையின்றி வாழும் இடத்தில் 364அ பிரிவின் கை நீளக்கூடாதென்று ஒரு வாக்கியமும் வேண்டும். பிள்ளைகளைச் சீரழிப்பவனுக்கு அந்த வாக்கியம் ஒரு மயிரிழையும் உதவாதபடி எழுதத் தெரிந்த சட்ட வரைஞர்கள் கொழும்பில் இல்லாமற் போகவில்லை.

பதுளை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றிருக்கும் தமிழ் உறுப்பினர்களிடம் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மேடையில் கைதட்டிக் கேட்க வேண்டா, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். படித்த உத்தியோகத்தர்கள் கடிதத்தை எழுதிக் கொடுக்கட்டும். தோட்டத்தாரும் விவசாயிகளும் கையெழுத்திடட்டும். அதற்கிடையில், அக்காள் மகளுக்குப் பேச்சு வைத்திருக்கும் வீடுகளில் தை பிறக்குமுன் பிரதேச செயலகத்துக்கு ஒரு நடை போய், விவாகப் பதிவாளரிடம் 16ஆம் பிரிவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் படித்துக் காட்டும்படி கேட்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு. பெண்ணையும் கூடவே அழைத்துப் போங்கள்.